விசாரிக்க வருவார்கள்

பாளையம்பட்டி
28.8.1992

என் தம்பி ராஜகுருவுக்கு அக்கா எழுதுவது.

நீ அமெரிக்கா போய்ச் சேர்ந்ததாக மண்டிக்குப் போன் வந்ததோடு சரி. அதையும் உன் அத்தான் எடுத்து, "பய போய்ச் சேந்துட்டானாம்" என்று ஒரே வரியில் எனக்குச் சொல்லிவிட்டு வத்தல் மூட்டைகளிடம் திரும்பிப் போய்விட்டார். என்ன சாப்பிட்டாய், எங்கே படுத்தாய், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், "அவன் என்ன கைப்பிள்ளையா?" என்கிறார். அம்மா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கு நீ கைப்பிள்ளைதான்.

மாத்திரையை மறக்காதே. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பதினொரு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் உன் நெஞ்சு வால்வு வரை போய்த் தொட்டுவிட்டு வந்தது. மாத்திரை நின்றால் அது திரும்ப வரும் என்று மதுரை டாக்டர் எத்தனை தடவை சொன்னார். ஜனவரி வரைக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. உன் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பாயே, "பென்சிலின் கூடாது" என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அட்டை, அதை நான்தான் எடுத்துவிட்டேன். வழியனுப்ப வந்த கூட்டத்தில் உனக்குப் பேசியிருக்கிற பெண் வீட்டார், காரியாபட்டிக்காரர்களும் நின்றார்கள். நீ குனிந்து பெட்டியைத் தூக்கும்போது அது கீழே விழுந்தால், அந்தப் பெண் தீபலட்சுமியை நீ மறந்துவிட வேண்டியதுதான். அந்த ஊசி போட்ட அன்றைக்கு உன் முகம் வீங்கி உதடு நீலமானதை நான் மறப்பேனா? டாக்டர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து உன்னைப் பிழைக்க வைத்தார். உனக்கும் அது மனப்பாடம். அட்டை எதற்கு? வாயால் சொன்னால் போதாதா?

அங்கே இன்சூரன்ஸ் என்று ஒரு படிவம் கொடுப்பார்களாம். முன்னால் என்னென்ன நோய் இருந்தது என்று கேட்பார்களாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடு. இருக்கிறது என்று போட்டால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மதுரை ஏஜெண்டு சொன்னார். அவர் எத்தனை பேரை அனுப்பியவர், தெரியாமலா சொல்வார்?

உன் அக்கா,
சண்முகவடிவு


ஒஹையோ
16.9.1992

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை உன் குரல் கேட்டது, கோபம் போய்விட்டது. ஆனாலும் அட்டையை நீ எடுத்திருக்கக் கூடாது. மெட்ராஸ் வரைக்கும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே போனேன், எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று.

வந்த முதல் வாரமே வெளிநாட்டுப் பிள்ளைகளை எல்லாம் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து ஒரு அம்மாள் பேசினார். கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்து ஆலோசகர். பாடத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன், முக்கால்வாசியும் உடம்பைப் பற்றித்தான். இங்கே இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு ஓட வேண்டியதுதானாம். இன்சூரன்ஸ் அட்டையைப் பையிலிருந்து எடுக்கவே கூடாதாம். சின்னக் கோளாறு என்றால் முதலில் கல்லூரி கிளினிக், உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் பெரிய ஆஸ்பத்திரி. ஊரில் சாப்பிட்டுவந்த மருந்தை நிறுத்தக் கூடாது, டாக்டர் சீட்டோடு வரவழைக்க வேண்டும். எந்த மருந்து ஒத்துக்காது என்பதை எழுதி உடம்போடு வைத்திருக்க வேண்டும், மயங்கிக் கிடக்கிறவன் வாயால் சொல்ல முடியாது என்றார். நீ எழுதியதற்குப் பதில் சொன்ன மாதிரியே இருந்தது.

கடைசியில் ஒன்று சொன்னார். "சில நாடுகளில் நோயை மறைப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியும். இங்கே மறைத்தால் டாக்டர் இருட்டில் கை வைப்பார்." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு படிவம் வந்தது. இருதய நோய், இல்லை. மருந்து ஒவ்வாமை, இல்லை. இரண்டாவதில் கை கொஞ்ச நேரம் நின்றது. ஆனாலும் போட்டுவிட்டேன், நீ சொன்னபடி.

அந்த அட்டையை அனுப்பிவை. நானே ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்தான். எழுதினால், படிவத்தில் போட்டது பொய் என்று என் கையெழுத்திலேயே நான் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். டாக்டர் எழுதியது என்றால் ஊரிலிருந்து பிறகு வந்தது என்றாவது சொல்லலாம்.

இன்னொன்று. தீபலட்சுமியிடம் மட்டுமாவது சொல்லிவிட்டால் என்ன? கட்டிக்கொள்ளப் போகிறவள் அவள்.

ராஜகுரு


பாளையம்பட்டி
5.10.1992

குரு,

அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அனுப்ப மாட்டேன். இந்தத் தபாலாபீஸில் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கனமாக ஒன்று உள்ளே இருந்தால் சும்மா விடுவார்களா?

அவளிடம் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அப்போது சின்னவன், உனக்கு ஞாபகம் இருக்காது. விருதுநகரில் எனக்கு ஒரு இடம் பேசி, நிச்சயத்துக்குச் சேலைகூட எடுத்தாகிவிட்டது. அவர்கள் ஆள் ஒருவர் திருச்சுழிப் பக்கம் அம்மா பிறந்த ஊருக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான், "அந்த வீட்டம்மா மூச்சுத் திணறியில்ல செத்தாக, நெஞ்சுக் கோளாறு" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அந்த வீட்டுக்கே நெஞ்சுக் கோளாறு என்று ஆகிவிட்டது. மறுநாள் தட்டு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நாலு வருஷம் நான் வாசலில் கோலம் போடவே வெட்கப்பட்டேன். அந்தச் சேலை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதற்கு அடியில்தான் உன் அட்டையை வைத்திருக்கிறேன்.

அந்த அவமானம் உனக்கு வர விடமாட்டேன். அந்த ஆலோசகர் அம்மாளுக்கு நம் ஊரைப் பற்றி என்ன தெரியும்?

காரியாபட்டிக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நேராகக் கேட்கிறவர்களா அவர்கள்? ஒருத்தர் மண்டிக்கு வத்தல் விலை கேட்க வந்தார். இன்னொருத்தர் ஆடு தொலைந்ததென்று நம் தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். ஆடு கறுப்பா வெள்ளையா என்று எதிர்வீட்டுக் கோகிலாம்பாள் கேட்டதற்கு அந்த ஆளுக்குப் பதில் தெரியவில்லையாம். நான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். எதிர்வீடு, மண்டி, மருந்துக்கடை பால்பாண்டி வரைக்கும். யார் எந்தக் கோலத்தில் வந்து எப்படிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அவனுக்கு ஒரு சளிகூடப் பிடிச்சதில்ல."

பெண்ணின் சித்தப்பா ஒருவர் அங்கே அமெரிக்காவில் டாக்டராம். எந்த ஊர் என்று விசாரிக்கிறேன். நீ அவர் கண்ணில் நோயாளியாகப் பட்டுவிடாதே.

அக்கா


ஒஹையோ
30.11.1992

அக்கா,

இங்கே பனி கொட்டுகிறது. முதல் நாள் அழகாக இருந்தது. இப்போது நம் ஊர் வெயிலை நினைத்து ஏங்குகிறேன். திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகம் கருகப் போக வேண்டும் போல இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டாய்.

படிப்பு பரவாயில்லை. அறையில் என்னோடு சீனாக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். நல்லவன், நான் செய்யும் ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணீர் விடுகிறான்.

மாத்திரை விஷயமாக எழுதுகிறேன். ஜனவரி பாதியோடு தீர்ந்துவிடும். பால்பாண்டி அண்ணனிடம் போய் நின்றால் கொடுக்கிற மாதிரி இங்கே கொடுக்க மாட்டார்கள். டாக்டர் எழுதித் தர வேண்டும். கிளினிக்குக்குப் போனால் எதற்காகச் சாப்பிடுகிறாய் என்று கேட்பார். சொன்னால் என் படிவத்தை எடுத்துப் பார்ப்பார். இரண்டு தடவை கிளினிக் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் நீதான் அனுப்ப வேண்டும். மதுரை டாக்டரின் சீட்டை வைத்து, மாத்திரையின் பெயர் தெரிய, கடையில் வாங்கிய மாத்திரை அட்டையோடு அப்படியே அனுப்பு. பெயர் தெரியாவிட்டால் இங்கே சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள். இதை மறக்காதே.

அத்தானைக் கேட்டதாகச் சொல். அவரை அடுத்த தடவை போனில் இரண்டு வரி பேசச் சொல்.

ராஜகுரு


பாளையம்பட்டி
20.12.1992

குரு,

பார்சல் போட்டாகிவிட்டது. எடை போடும்போது தபாலாபீஸ்காரர் என்னவென்று கேட்டார். இட்லிப்பொடி என்றேன். பொய் இல்லை, மேலே இட்லிப்பொடிதான். அடியில் சத்து மாத்திரை டப்பா ஒன்று இருக்கும், அதற்குள் உன் மாத்திரை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன், விரலெல்லாம் வலித்தது. டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தையும் வெந்நீர் ஊற்றிக் கிழித்துவிட்டேன். யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

பெயரோடு அனுப்பு என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். ஆனால் காரியாபட்டிக்காரர்களின் மைத்துனர் ஒருவர் தபாலாபீஸில் இருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்யச் சொல்கிறாய்? சீட்டும் வைக்கவில்லை. பொடியைப் பிரித்துப் பார்க்க அமெரிக்காக்காரனுக்கு என்ன வேலை?

மழை இல்லை. கண்மாயில் ஆடு மேய்கிறது. வத்தல் விலை மட்டும் ஏறியிருக்கிறது, உன் அத்தான் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கிறார்.

வைகாசியில் நீ விடுமுறைக்கு வரும்போதே முடித்துவிடலாம் என்று பெண் வீட்டில் கேட்கிறார்கள். தீபலட்சுமியைக் கோவிலில் பார்த்தேன். நல்ல பெண். "அவுக அங்க குளிர்ல எப்படி இருக்காக?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

அக்கா


ஒஹையோ
24.1.1993

அக்கா,

பார்சல் வந்தது. பிரித்து ஒட்டி வந்தது. இட்லிப்பொடியை விட்டுவிட்டார்கள், டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். "பெயர் தெரியாத மாத்திரை, அழிக்கப்பட்டது" என்று ஒரு சீட்டு வைத்திருந்தார்கள்.

உன்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை. சொன்னேனே அக்கா, மறக்காதே என்று எழுதினேனே.

கடைசியாக இருந்ததைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிட்டேன். அதுவும் போன வாரத்தோடு முடிந்தது. தொண்டையில் புண் வந்து, காய்ச்சல் வந்து போனது. அறையில் இருக்கிற பையனுக்கும் வந்தது, அவனுக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. எனக்கு இன்னும் விழுங்கினால் வலிக்கிறது. ஒரு சளிகூடப் பிடிக்காதவனுக்கு இப்போது எல்லாம் சேர்ந்து பிடித்திருக்கிறது.

திரும்ப அனுப்பு. இந்தத் தடவை பெயரோடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ராஜகுரு


பாளையம்பட்டி
10.2.1993

குரு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் செய்தது தப்புதான். உடனே பால்பாண்டியிடம் சொல்லி, மாத்திரை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, மதுரைக்குப் போய் அங்கிருந்து பார்சல் போடச் சொல்லியிருக்கிறேன். இங்கே போட்டால் மைத்துனர் பார்ப்பார். வந்து சேரும் வரைக்கும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளி. மிளகு போட்டுக் கஷாயம் வை. ரொம்ப முடியவில்லை என்றால் கிளினிக்குக்குப் போ, ஆனால் தொண்டை வலி என்று மட்டும் சொல். நெஞ்சைப் பற்றி வாயே திறக்காதே. ஊசி போடுகிறேன் என்றால் மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேள். வைகாசி வரைக்கும் பொறுத்துக்கொள், அதற்குப் பிறகு ஊர் முழுக்கச் சொல்லிக்கொள், நான் கேட்க மாட்டேன்.

இங்கே என்ன நடந்தது என்று கேள். போன வாரம் பால்பாண்டி கடைக்கு ஒரு ஆள் வந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டு, "பாளையம்பட்டி ராஜகுருவுக்கு அமெரிக்காவுல திடீர்னு உடம்பு முடியல, ஆஸ்பத்திரியில சேத்திருக்காக, அவன் இங்க என்ன மாத்திரை சாப்பிட்டான்னு உடனே கேக்குறாக, சீட்டு இருந்தாக் குடுங்க" என்று கேட்டிருக்கிறான். பால்பாண்டி பதறிச் சீட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டானாம். பிறகுதான் யோசனை வந்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டிருக்கிறான். ஆள் மழுப்பிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். காரியாபட்டிக்காரர்கள் ஏவிய ஆள்தான். எப்படிப்பட்ட தந்திரம் பார். உனக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னால் நாங்கள் பதறி உளறிவிடுவோமாம். அன்றைக்குப் பால்பாண்டி என்னிடம் வந்து சொன்னதும் உலையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். மண்டியில் போய் உனக்கு டிரங்க் கால் போடச் சொல்லி, உன் குரலைக் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது. "என்னக்கா திடீர்னு?" என்று கேட்டாயே, அதற்குத்தான். சுற்றி ஆள் நின்றதால் சொல்லவில்லை. உன் குரல் கரகரப்பாக இருந்தது, அது தொண்டைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஏமாற மாட்டேன். அடுத்தது அந்த டாக்டர் சித்தப்பாவாம். மாசி கடைசிவாக்கில் மண்டிக்குப் போன் போட்டு என்னிடமே பேசுவாராம். நன்றாகத் தமிழ் பேசுவாராம். நான் காலையில் எழுந்து போய் மண்டியிலேயே உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். உன் அத்தானை நம்ப முடியாது, அவர் ஒரு வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

எனக்கு ராத்திரியில் பயமாக இருக்கிறது, குரு. உடனே எழுது.

அக்கா


ஒஹையோ
5.3.1993

அக்கா,

மதுரையிலிருந்து பார்சல் இன்னும் வரவில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று வாரமாக முழங்கால் வீங்கியிருக்கிறது. அது இறங்கினால் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. பதினொரு வயதில் எப்படி வந்ததோ அதே மாதிரி ஒவ்வொன்றாகத் தாவுகிறது. இரண்டு நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் இன்னும் மோசம். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். அம்மா கடைசியில் அப்படித்தானே தூங்கினாள். நீ அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் சின்னவன் என்று நீதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இன்று காலையில் அந்த அலுவலகத்து அம்மாளிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். படிவத்தில் பொய் எழுதினேன், என்னை அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் உன்னை அனுப்ப மாட்டார்கள் என்றார். முன்னமே நோய் இருந்தது என்று எழுதியிருந்தால், முதல் ஆறு மாதத்துக்கு அந்த நோய்க்கு மட்டும் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுக்க மாட்டானாம். மற்றதற்கெல்லாம் உண்டாம். ஆறு மாதம் கழித்து அதற்கும் உண்டாம். அவ்வளவுதான் அக்கா. அதற்காகத்தான் நாம் இவ்வளவு செய்தோம். அந்த ஆறு மாதமும் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. ஏஜெண்டு சொன்னதெல்லாம் சும்மா.

நாளையிலிருந்து கல்லூரி விடுமுறை. கிளினிக்கும் அலுவலகமும் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமைதான் திறக்கும். அன்றைக்கு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய், படிவத்தைத் திருத்தி, டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னார். அதற்குள் முடியாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று நம்பர் கொடுத்தார். மூச்சு வாங்குவதை அவரிடம் முழுக்கச் சொல்லவில்லை, மூட்டு வலி என்றுதான் சொன்னேன். பென்சிலின் விஷயமும் டாக்டரிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரே நாளில் எவ்வளவுதான் ஒப்புக்கொள்வது? பத்து நாள் தாங்கும் என்று நினைக்கிறேன். அறையில் இருக்கிற பையன் விடுமுறைக்கு அவன் மாமா வீட்டுக்குப் போகிறான்.

இப்போது சொல்லப் போவதை நிதானமாகப் படி. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் உன் பெயரையும் மண்டி நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மெட்ராஸ்காரர் ஒருவர் டாக்டராக இருக்கிறாராம், தமிழ்க் குடும்பம் என்றால் அவரைத்தான் பேசச் சொல்வார்களாம். ஒருவேளை நான் பேச முடியாமல் கிடந்து, அவர் உனக்குப் போன் செய்தால், எல்லாவற்றையும் சொல்லிவிடு. மூட்டுக் காய்ச்சல், வால்வு, மாத்திரை, எல்லாம். முக்கியமாகப் பென்சிலின். அதை முதலில் சொல். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். தீபலட்சுமிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு சேர்த்துத் தபாலில் போடப் போகிறேன். அவளுக்கும் தெரியட்டும்.

போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மண்டியில் பத்துப் பேர் நிற்க, நீ "சரி, சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் மறைக்கப் பார்ப்பாய். எழுதினால் தனியாக உட்கார்ந்து படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னைப் பார்க்க வேண்டும்.

குரு


பாளையம்பட்டி
16.3.1993, செவ்வாய்

என் தங்கத் தம்பிக்கு,

இன்றைக்கு உனக்கு நல்ல செய்தி எழுதப் போகிறேன். உன் கல்யாணம் முடிந்த மாதிரிதான். டாக்டர் சித்தப்பா நேற்றுப் போன் செய்துவிட்டார்.

ஒரு வாரமாக மண்டியில் வத்தல் நெடியில் இருமிக்கொண்டு காத்துக் கிடந்தது வீண் போகவில்லை. மணி அடித்ததும் உன் அத்தான் கையை நீட்டினார், நான் தட்டிவிட்டு நானே எடுத்தேன். லைனில் ஒரே இரைச்சல். "சண்முகவடிவுங்களா? ராஜகுருவோட அக்காவா?" என்றார். நல்ல தமிழ், மெட்ராஸ் பேச்சு. "நான் ஒஹையோவுலேர்ந்து டாக்டர் பேசறேன்" என்றார். பெயரும் ஏதோ சொன்னார், சரியாகக் காதில் விழவில்லை. விழாவிட்டால் என்ன, யாரென்று எனக்குத்தான் தெரியுமே.

எடுத்த எடுப்பில் அதே தந்திரம். "உங்க தம்பியை ராத்திரி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்மா, நினைவு சரியா இல்ல, காய்ச்சல் அதிகமா இருக்கு" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி நம்பிவிட்டேன். பிறகு பால்பாண்டி கடைக்கு வந்த சைக்கிள்காரன் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தானே சொன்னான், அன்றைக்கும் இப்படித்தானே நான் நம்பி ஓடினேன். போன் போட்டால் நீ "என்னக்கா" என்று நிற்கிறாய். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"முன்னாடி இருதயக் கோளாறு ஏதாவது உண்டா?" என்றார். "அதெல்லாம் எங்க வம்சத்துலயே கெடையாது" என்றேன். "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்றார். யார் போட்டுக்கொடுத்தார்களோ, எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறார் பார். "அவனுக்கு ஒரு சளிகூடப் பிடிச்சதில்லைங்க" என்றேன். "தினமும் ஏதாவது மாத்திரை?" "சத்து மாத்திரைகூடச் சாப்பிட மாட்டான்."

கடைசியில், "எந்த மருந்தாவது ஒத்துக்காதாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பென்சிலின் போடப் போறோம், போடலாமா?" என்றார். இரண்டு தடவை கேட்டார். என் வாய்வரைக்கும் வந்துவிட்டது, குரு. அத்தான் வேறு எதிரே நின்று சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். "தாராளமாப் போடுங்க, அவனுக்கு எல்லாம் ஒத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றிம்மா என்றார். அவசரத்தில் இருக்கிற மாதிரி என்ன நடிப்பு. வைக்கப் போகும்போது நானும் விடாமல், "எங்க தீபலட்சுமி எப்படி இருக்காளாம்?" என்று கேட்டேன். "யாரும்மா அது?" என்றார். அண்ணன் மகளையே தெரியாதாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயந்தரமே கோகிலாம்பாள் வீட்டுக்கும் பால்பாண்டிக்கும் அல்வா கொடுத்தேன். உன் அத்தான் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார், "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். இன்றைக்குத் திருச்சுழி கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்யப் போகிறேன். அம்மாவுக்கும் அங்கேதானே வேண்டிக்கொள்வோம்.

உன் தொண்டை சரியாகியிருக்கும். மதுரை பார்சல் இதற்குள் வந்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாளே அந்த அட்டையை பீரோவிலிருந்து எடுத்து நானே தீபலட்சுமி கையில் கொடுத்து, "இவன் இனி உன் பொறுப்பு" என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு என் நெஞ்சில் பாரம் இருக்காது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தபால்காரர் வந்து உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். கையில் கனமாக இருக்கிறது, நிறைய எழுதியிருக்கிறாய் போல. அவரிடமே இதைக் கொடுத்துவிட்டால் இன்றைய பையில் போய்விடும், அதனால் இத்தோடு முடிக்கிறேன். உன்னுடையதைக் கோவிலுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாவகாசமாகப் படித்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
சண்முகவடிவு